ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடுமா?

தோல் ஷாப் ஆபீசில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டரோ, ஷூ கம்பெனியின் பேக்கிங் பகுதியில் லேபிள் அடிக்கும் கம்ப்யூட்டரோ இழுக்க ஆரம்பித்தால், ராணிப்பேட்டை முதல் வாணியம்பாடி வரை கேட்கிற யோசனை ஒன்றுதான்: "டிஸ்க் வீக்காயிடுச்சு சார், புதுசு வாங்கிப் போட்டு ஃப்ரெஷ்ஷா ஓஎஸ் ஏத்திடலாம்." டி டிரைவில் இருப்பதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்வார்கள். சி டிரைவில் டெஸ்க்டாப்பையும் டாகுமெண்ட்ஸையும் ஒரு பார்வை பார்ப்பார்கள். மிச்சமெல்லாம் போய்விடும். பழைய அமைப்பை அப்படியே புது டிஸ்க்குக்கு மாற்றித் தர முடியுமா என்று கேட்டால், குப்பையையும் சேர்த்துச் சுமப்பானேன் என்ற பதில்தான் வரும். சர்வீஸ் செய்கிறவர்கள் மட்டும் இப்படி நினைக்கவில்லை. முதலாளிகளும் அக்கவுண்டன்ட்களும் இதையே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கை தவறு. மதர்போர்டு நன்றாக இருந்து டிஸ்க் மட்டும் மாறும்போது, பழைய டிஸ்க்கை முழுசாகப் புது டிஸ்க்கில் நகலெடுப்பதுதான் முதல் வேலை. ஃபார்மட், வேறு வழியே இல்லாதபோது கையில் எடுக்க வேண்டிய கடைசி வழி.

இந்த நம்பிக்கைக்கு உயிர் கொடுப்பது கண்ணால் பார்த்த அனுபவம். ஃபார்மட் அடித்த பிறகு கம்ப்யூட்டர் பறக்கிறது, அதனால் பழைய குப்பைதான் அதை இழுத்துப் பிடித்திருந்தது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் அன்றைக்கு நடந்த மாற்றங்கள் இரண்டு. சுழலும் ஹார்ட் டிஸ்க் போய் எஸ்எஸ்டி வந்தது. பழைய விண்டோஸ் போய்ப் புது விண்டோஸ் வந்தது. ஒரே டிரம்மில் சாயத்தையும் ஃபேட் லிக்கரையும் ஒன்றாக மாற்றிவிட்டு, தோல் மென்மையானது சாயத்தால்தான் என்று எந்த லெதர் டெக்னீஷியனும் சொல்லமாட்டார். கணக்கைப் பார்த்தாலே விஷயம் விளங்கும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் டிஸ்க், நொடிக்கு 120 சுற்று. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது நான்கு மில்லி நொடிக்குச் சற்று மேல் ஆகும். தலை நகர்வதற்கு எட்டு, ஒன்பது மில்லி நொடி. ஆக, இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் ஃபைல்களைத் தேடி எடுக்க நொடிக்கு ஏறத்தாழ எண்பது முறைதான் அந்த டிஸ்க்கால் முடியும். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி இதே வேலையைப் பல்லாயிரம் முறை செய்கிறது. விண்டோஸ் தொடங்குவதும் டேலி திறப்பதும் இப்படிச் சிதறிய வாசிப்புகளால்தான். பழைய அமைப்பை ஒரு ஃபைல் விடாமல் எஸ்எஸ்டிக்கு மாற்றினாலும் வேகத்தின் பெரும்பங்கு கிடைத்துவிடும். தானாகத் தொடங்கும் வேண்டாத புரோகிராம்கள் கொஞ்சம் இழுக்கும் என்பது உண்மைதான். டிஸ்க்கை மாற்றிய பிறகு அவற்றை அரைமணி நேரத்தில் நீக்கிவிடலாம். அதற்காக எல்லாவற்றையும் அழிக்க வேண்டியதில்லை.

அழிகிறவை எவை என்று யாரும் பட்டியல் போடுவதில்லை என்பதால்தான் இந்தப் பழக்கம் இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. டேலியை எடுத்துக்கொள்வோம். "டேட்டாவை டி டிரைவில் வைங்க" என்று சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் டேலிபிரைம் தானாகத் தேர்ந்தெடுக்கும் இடம் சி டிரைவில், யூசர்ஸ், பப்ளிக் என்று போகும் ஃபோல்டருக்குள் இருக்கிறது. பழைய ஈஆர்பி 9 தன் டேட்டாவை சி டிரைவிலேயே புரோகிராமுக்குப் பக்கத்தில் வைத்தது. அவுட்லுக்கில் பாப் முறையில் மெயில் இறக்குகிற ஆபீஸ்களில், பையர்களோடு பல வருடம் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் ஒரே பிஎஸ்டி ஃபைலில் கிடக்கும். பல சமயம் அந்த ஃபைல் மறைக்கப்பட்ட ஃபோல்டரில் இருக்கும். சர்வரில் பிரதி இருக்காது. கலர் மேட்சிங் மெஷினோடு வந்த சாஃப்ட்வேரில், ஏற்கெனவே அளந்து ஒப்புதல் வாங்கிய ஷேடுகள் அதன் டேட்டாபேஸுக்குள் அடங்கியிருக்கும். வெளியே தனி ஃபைலாக எதுவும் தெரியாது. பேட்டர்ன் ரூமில் அப்பருக்கான வடிவங்களும் சைஸ் வாரியான கிரேடிங்கும் அப்படியே. அந்த சாஃப்ட்வேரைத் திறக்க டாங்கிள் வேண்டும், டாங்கிளுக்கு அதன் காலத்து டிரைவர் வேண்டும். இன்ஸ்டாலேஷன் சிடி எந்த அலமாரியில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. விற்ற கம்பெனியே இன்னொரு கம்பெனிக்குக் கைமாறியிருக்கக்கூடும்.

இன்னும் சிறிய விஷயங்கள் இருக்கின்றன. நாள்தோறும் வேலையை நிறுத்துவது இவைதான். டெலிவரி சலான் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரைப் பாருங்கள். முன்பே அச்சடித்த ஃபாரத்தில் பார்ட்டி பெயர் அதன் கட்டத்துக்குள் விழ வேண்டுமென்றால், விண்டோஸுக்குள் அந்தத் தாளின் நீளமும் அகலமும் தனி அளவாகப் பதிவாகியிருக்க வேண்டும். யாரோ ஒருவர் தாளை வைத்து, அடித்துப் பார்த்து, மறுபடி ஒரு நூலளவு நகர்த்தி அமைத்த அளவு அது. கார்ட்டனில் ஒட்டும் பார்கோடு ஸ்டிக்கருக்கும் இதே கதைதான்: ரிப்பன் சூடு, வேகம், இடது பக்க ஒதுக்கம் எல்லாம் டிரைவருக்குள் இருக்கும் எண்கள். எங்கும் எழுதிவைக்கப்பட்டதில்லை. ஃபான்ட் விஷயம் இந்தப் பகுதிக்கே உரிய தலைவலி. தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடை ஏற்பதற்கு முன்பும், அதற்குப் பிறகும் பல வருடம், தமிழ்க் கடிதங்கள் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கப்பட்டன. அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் அவற்றைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளின் குவியல்தான் தெரியும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் ஊர்களில் உருதுவும் அன்றாட எழுத்து மொழி. அங்கே அச்சகங்களிலும் மதரஸாக்களிலும் இன்பேஜ் சாஃப்ட்வேரில் செய்த பழைய ஃபைல்கள் ஏராளம். அவற்றைத் திறக்க அந்தப் பதிப்பு வேண்டும். ஒரே கம்ப்யூட்டரில் மூன்று எழுத்துமுறைகளும் ஒழுங்காக ஓடும்படி செய்து முடிக்கப் பல வருடம் பிடித்திருக்கிறது. ஃபார்மட் அதை ஒரு மணி நேரத்தில் அழித்துவிடுகிறது.

இதில் பணக் கணக்கும் உண்டு. ஃபார்மட் அடித்து விண்டோஸ் ஏற்றுவது சர்வீஸ் ஆளுக்கு இரண்டு மணி நேர வேலை. பில் போட்டுவிட்டுப் போகிறார். அதற்குப் பிறகு நடப்பது எந்த பில்லிலும் ஏறுவதில்லை. அக்கவுண்டன்ட் டேலி லைசென்ஸை மறுபடி ஆக்டிவேட் செய்ய அலைகிறார். டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனுக்கு டிரைவர் தேடுகிறார். கஸ்டம்ஸ் தளத்தில் கையெழுத்து ஏறவில்லை என்று போனில் காத்திருக்கிறார். பேக்கிங் பகுதியில் லேபிள் கோணலாக விழுகிறது. தினக்கூலிக்கு வரும் பெண்கள் லேபிளுக்காகக் கைகட்டி நிற்கிறார்கள். லேபிள் ஒட்டாத கார்ட்டன் கண்டெய்னரில் ஏறாது. ஆம்பூரிலிருந்து தேசிய நெடுஞ்சாலை 48 வழியே சென்னைத் துறைமுகம் போய்ச் சேர வேண்டிய வண்டி கட்-ஆஃப் நேரத்தைத் தவறவிட்டால், அடுத்த கப்பல்தான். அழிந்த அமைப்பைத் திரும்ப உருவாக்கும் செலவு முழுவதும், அதை முதலில் உருவாக்கிய ஊழியர்கள் தலையில் விழுகிறது. முடிவெடுக்கும்போது அவர்களை யாரும் கேட்டதில்லை. ஃபார்மட் மலிவு என்ற எண்ணம், இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்காததால் மட்டுமே நிற்கிறது.

பழைய விஷயம் இனி யாருக்கு வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. சட்டம் கேட்கிறது. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆவது பிரிவு, கணக்குப் புத்தகங்களை எட்டு நிதியாண்டுகள் பாதுகாக்கச் சொல்கிறது. ஜிஎஸ்டி சட்டத்தின் 36-ஆவது பிரிவு, ஆண்டு ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்கச் சொல்கிறது. வேலூர்ப் பகுதிக்கு இதைவிட நீண்ட கணக்கு ஒன்றிருக்கிறது. டேனரிக் கழிவால் பாலாற்றுப் படுகை கெட்டதைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு 1991-ஆம் ஆண்டினது. உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் ஊன்றியது அந்தத் தீர்ப்பு. அதன் தொடர்ச்சியாக நஷ்டஈடும் கண்காணிப்பும் பற்றி அதே நீதிமன்றம் 2025 ஜனவரி 30-இல் மறுபடி தீர்ப்புச் சொன்னது. இடையில் விண்டோஸ் 95 போய், எக்ஸ்பி போய், 7 போய், 10-ம் போகும் தறுவாய்க்கு வந்திருந்தது. முப்பது வருடம் கழித்து யார் எவ்வளவு தோல் போட்டார், எவ்வளவு கழிவு நீர் அனுப்பினார் என்ற கேள்வி எழுகிற ஊரில், டிஸ்க் மாற்றும் ஒவ்வொரு முறையும் பழையதைத் துடைத்துவிடுவது விவசாயிக்கும் ஆகாது, நேர்மையாக நடத்திய டேனரிக்கும் ஆகாது. டேட்டா ஃபைலை மட்டும் எடுத்துவைத்தால் போதாது என்பதும் இங்கேதான் விளங்கும். பழைய டேட்டாவைத் திறக்கும் பழைய சாஃப்ட்வேர் ஓடினால்தான் அது ஆவணம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். முதலில் வைரஸ். நகலெடுத்தால் வைரஸும் கூடவே வரும் என்பது சரிதான். ரேன்சம்வேர் புகுந்த கம்ப்யூட்டரை, கையை வைத்த இடமெல்லாம் சந்தேகம் வருகிற கம்ப்யூட்டரை, அப்படியே நகலெடுத்து ஓட்டக் கூடாது. அங்கே புதிதாக விண்டோஸ் ஏற்றுவதுதான் முறை. அப்போதும் பழைய டிஸ்க்கின் முழுப் பிரதியை முதலில் எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். ஆனால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் இதையே சொல்வதில் ஒரு முரண் இருக்கிறது. சுத்தம் என்று சொல்லி ஏற்றப்படும் விண்டோஸ் பல இடங்களில் பென் டிரைவில் சுற்றிவரும் கள்ளப் பிரதி. அதை ஆக்டிவேட் செய்ய ஓட்டும் சின்ன புரோகிராமுக்கு வழிவிடுவதற்காக ஆன்டிவைரஸை நிறுத்திவைக்கிறார்கள். பிராண்டட் கம்ப்யூட்டரோடு காசு கொடுத்து வாங்கிய லைசென்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்க, அதற்குப் பொருந்தாத வேறு பதிப்பை அதன் மேல் ஏற்றுகிறார்கள். நேர்மையான லைசென்ஸோடு ஓடிய கம்ப்யூட்டர் இப்படிக் கள்ளப் பிரதிக்கு மாறிவிடுகிறது. விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸ் முக்கியமாக மதர்போர்டைப் பார்த்துத்தான் அடையாளம் காண்கிறது. டிஸ்க் மட்டும் மாறினால் அது பொதுவாக அப்படியே நிற்கும். டேலி போன்றவை நகலெடுத்த பிறகும் சில சமயம் மறுபடி ஆக்டிவேட் செய்யச் சொல்லலாம். ஒரு லைசென்ஸுக்காக ஒரு போன் செய்வது வேறு, இருபது விஷயங்களுக்காக ஒரு மாதம் அலைவது வேறு.

இரண்டாவது மறுப்பு கொஞ்சம் கனமானது: சாகப்போகிற டிஸ்க்கை எப்படி நகலெடுப்பது, பாதியில் நின்றுவிடாதா? நின்றுவிடலாம். அதனாலேயே அது தள்ளிப்போடக் கூடாத வேலை. கூகுள் நிறுவனம் தன் டிஸ்க்குகளைப் பெருந்தொகையாக ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், முதல் ஸ்கேன் பிழை தென்பட்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு பிழையில்லாத டிஸ்க்கைவிட 39 மடங்கு என்று கண்டார்கள். செத்த டிஸ்க்குகளில் பாதிக்கு மேல், டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் எச்சரிக்கைகளில் முக்கியமான நான்கில் ஒன்றைக்கூடக் காட்டாமலே செத்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. ஸ்மார்ட் நன்றாகத்தான் இருக்கிறது, ஓடும் வரை ஓடட்டும் என்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணை நினைவில் வைக்க வேண்டும். டேனரிச் சூழல் வேறு இதைக் கெடுக்கிறது. ரோமம் நீக்கும் சுண்ணாம்புக் குழியில் சோடியம் சல்ஃபைடு இருக்கிறது. அதில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு எழும். வெள்ளியையும் செம்பையும் கறுக்க வைக்கும் இந்த வாயு, டிஸ்க்கின் அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டின் தொடுபுள்ளிகளையும் அரிக்கும். கேபினட்டைத் திறந்தால் ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் பஃபிங் தூசி கம்பளிபோல் படிந்திருக்கும். அது காற்றை அடைத்து, ஏப்ரல், மே வெயிலில் உள்ளே சூட்டை ஏற்றும்.

இப்படிப்பட்ட டிஸ்க்கில் பலர் செய்யும் முதல் வேலையே தவறு. செக் டிஸ்க் ஓட்டுவார்கள், சிலர் டிஃப்ராக் போடுவார்கள். நோயுற்ற டிஸ்க்கை இரவெல்லாம் எழுதவும் படிக்கவும் வைக்கும் வேலைகள் இவை. செய்ய வேண்டியது நேர்மாறு: உடனே நிறுத்திவிட்டு, டிடிரெஸ்க்யூ போன்ற இலவசக் கருவியால் பிரதி எடுக்க வேண்டும். அது முதலில் படிக்க முடிகிற பகுதிகளையெல்லாம் எடுத்துவிடும். முரண்டு பிடிக்கும் பகுதிகளைக் குறித்துவைத்துப் பிறகு திரும்ப வந்து முயலும். கரண்ட் போனாலும், அந்தக் குறிப்பு ஃபைல் இருந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வீணான செக்டர்கள் விண்டோஸின் சொந்த ஃபைல்கள் மேல் விழுந்திருந்து, நகல் பூட் ஆகாமலும் போகலாம். அப்போது புது விண்டோஸ் ஏற்றத்தான் வேண்டும். ஆனால் அதற்குள் முழுப் பிரதி கையில் இருக்கும். மறந்துபோன ஃபைலை ஆறு மாதம் கழித்தும் அதிலிருந்து எடுக்கலாம். அதே டிஸ்க்கையே ஃபார்மட் அடித்து மறுபடி பயன்படுத்துகிற கொடுமையும் இந்தப் பகுதியில் நடக்கிறது. அதில் திரும்பி வர வழியே இல்லை.

நகலெடுப்பது ரொம்பச் சிக்கல், நாள் முழுக்க ஆகும் என்ற சாக்கு நிற்காது. ஆரோக்கியமான டிஸ்க் நொடிக்கு 100 எம்பி வேகத்தில் படித்தால் 500 ஜிபி முழுவதும் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். குளோன்ஸில்லா போன்ற கருவி பயன்பட்ட பகுதியை மட்டும் எடுக்கும் என்பதால் 120 ஜிபி நிரம்பிய டிஸ்க் இருபது நிமிடம். கவனிக்க வேண்டியவை சில உண்டு. எது மூலம், எது புதியது என்பதை டிஸ்க்கின் கொள்ளளவையும் மாடல் எண்ணையும் பார்த்து இருமுறை உறுதி செய்ய வேண்டும். திசை மாறினால் எல்லாம் போச்சு. புது எஸ்எஸ்டி பழையதைவிடச் சிறியதாக இருந்தால், முதலில் பார்ட்டிஷனைச் சுருக்க வேண்டும். பிட்லாக்கர் போட்டிருந்தால் முன்பே நீக்கிவிட வேண்டும். நகலெடுத்து முடித்ததும் பழைய டிஸ்க்கைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் முதல் முறை பூட் செய்ய வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே அடையாள எண் இருக்கும், விண்டோஸ் குழம்பும். கட்டிங் மெஷினோடு இருக்கும் பழைய எக்ஸ்பி கம்ப்யூட்டரில் பயாஸில் ஐடிஇ முறையை மாற்றக் கூடாது, அதன் பார்ட்டிஷன் தொடங்கும் இடத்தை எஸ்எஸ்டிக்கு ஏற்பச் சரிசெய்ய வேண்டும். இதெல்லாம் ஒரு நல்ல சர்வீஸ் ஆள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலை.

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட்டின் இலவச ஆதரவு முடிந்துவிட்டது, இனி பழையதைத் தூக்கிச் சுமந்து என்ன பயன் என்பது புதிதாகக் கிளம்பியிருக்கும் வாதம். பாதுகாப்பு பற்றிய கவலை நியாயமானது. வானாக்ரை என்ற ரேன்சம்வேர் 2017 மே மாதம் பரவியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, போடாதவர்கள்தான் மாட்டினார்கள். ஆனால் டிஸ்க் மாற்றுவதும் விண்டோஸ் மாற்றுவதும் இரண்டு வேலைகள். ஒன்றை முடித்து, எல்லாம் ஓடுகிறதென்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். பிராசஸரும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் இடம் கொடுத்தால், நகலெடுத்த எஸ்எஸ்டியிலேயே விண்டோஸ் 11-க்கு மேம்படுத்தலாம். புரோகிராம்களும் செட்டிங்குகளும் தங்கும். இடம் கொடுக்காத கம்ப்யூட்டர் மெயிலும் பேங்க் வேலையும் பார்க்கிறதென்றால், புதியது வாங்கத்தான் வேண்டும். பேட்டர்னையோ ஷேடையோ மட்டும் கவனிக்கும் கம்ப்யூட்டரை இன்டர்நெட்டிலிருந்து துண்டித்து, நகலெடுத்த டிஸ்க்கோடு நிம்மதியாக ஓட்டலாம். அதற்காகப் பல லட்சம் போட்டு வாங்கிய மெஷினைக் காயலான் கடைக்கு அனுப்ப வேண்டியதில்லை.

எல்லாம் கிளவுடில் இருக்கிறதே என்பவர்களுக்கு: பில்லும் மெயிலும் இருக்கலாம், ஃபாரத்தின் தாள் அளவு இல்லை. கம்பெனிகளின் கணக்குகளுக்குத் தினசரி பேக்கப் இந்தியாவிலுள்ள சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலேயே விதி திருத்தப்பட்டது. அதைச் செய்வது நல்லது. அது கணக்கைத்தான் காப்பாற்றும், அந்தக் கணக்கைத் திங்கள்கிழமை காலை ஓடவைக்கும் அமைப்பைக் காப்பாற்றாது.

ஆகவே ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் போடும்போது, தோல் ஷாப்களும் ஷூ கம்பெனிகளும் இரண்டு வரி சேர்த்தால் போதும். எந்தக் கம்ப்யூட்டரையும் ஃபார்மட் அடிப்பதற்கு முன் முழு டிஸ்க்கின் பிரதி எடுக்க வேண்டும், அந்தப் பிரதி நிறுவனத்திடம் இருக்க வேண்டும் என்பது ஒன்று. டிஸ்க் மாறினால் நகலெடுப்பதே முறை. அது முடியாவிட்டால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பது மற்றொன்று. இதற்குக் கூடுதலாகக் கேட்கும் கூலியைத் தயங்காமல் கொடுக்க வேண்டும். அது உழைப்புக்கும் பொறுப்புக்கும் கொடுப்பது. கழற்றிய பழைய டிஸ்க்கில் தேதியும் எந்த மேஜை என்பதும் எழுதி, ஒட்டிய கவரில் பீரோவில் வைக்க வேண்டும். ஆடிட் முடிந்து, பிரதியும் சரியென்று உறுதியான பிறகு, முழுவதும் அழித்துப் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுக்கலாம். பழைய பொருள் எடுப்பவரிடம் அப்படியே போடக் கூடாது. அந்த டிஸ்க்கில் ஷிஃப்டுக்கு வரும் ஒவ்வொரு பெண்ணின் ஆதார் எண்ணும் பிஎஃப் எண்ணும் பேங்க் கணக்கும் இருக்கின்றன.